ஐந்தாம் எண் அட்டை

ஆகஸ்ட் 14, திங்கள்

எலி கடித்த கோகோ காய்கள் இன்று முப்பத்தொன்று. சுலோச்சனா எல்லாவற்றையும் பறித்து வந்து, நான் பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு முன்னால் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். தென்னைக்கு நடுவே கோகோ போடலாம் என்பது அவள் யோசனை. ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே விவசாயம் அதை வேண்டாம் என்று சொன்னதுதான். மூன்று வருஷம் அவளே தண்ணீர் கட்டி வளர்த்தாள். இந்த வருஷம்தான் நல்ல காய்ப்பு. ஒவ்வொரு காயிலும் எலி ஒரு ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை வழித்துத் தின்றுவிட்டுப் போகிறது.

மருந்து வைக்க அவள் விடமாட்டாள். போன வருஷம் மருந்து தின்ற எலியைக் கவ்வித்தான் எங்கள் நாய் செத்தது. பொறி வைத்தோம். அதில் இதுவரை விழுந்தது என் கால் கட்டைவிரல் மட்டும்.

மதியம் சோறு போடும்போது சொன்னாள்: "ஏனுங்க, துப்பாக்கி சுடறதுல மெடல் வாங்குன ஆளை ஊட்ல வெச்சுக்கிட்டு எலிக்குப் பயந்துட்டு இருக்கறமே."

மெடல் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கல்லூரியில் என்.சி.சி. முகாமில் வாங்கியது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அரிவாள், மண்வெட்டியோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறாள். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

பார்க்கலாம் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 16, புதன்

இரண்டு நாளாகக் கைபேசியில் ஏர்கன் பற்றிப் படிக்கிறேன். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன அளவிலேயே ஏகப்பட்ட வகை. நடுவில் மடக்குவது, அடியில் நெம்பி இழுப்பது, காற்றடைத்துச் சுடுவது. கடைசியில், இருப்பதிலேயே வேகமானதும் இருப்பதிலேயே பெரிய ஸ்கோப்பும் வாங்குவதாக முடிவு செய்து சுலோச்சனாவிடம் அரை மணி நேரம் விளக்கினேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, யாராவது தெரிந்தவரிடம் கேட்டு வாங்கலாமே என்றாள். அவளே ஆளையும் சொன்னாள்: என்னோடு என்.சி.சி.யில் இருந்த தெய்வசிகாமணி. பொள்ளாச்சியில் ஏர்கன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். சுற்று வட்டாரத் திருவிழாக்களில் பலூன் சுடும் கடைக்காரர்கள் எல்லாரும் அவனிடம்தான் துப்பாக்கி கொடுப்பார்கள். எங்கள் கல்யாணத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் பந்தி பரிமாறியவன்.

நான் பொள்ளாச்சிக்கு வாரம் ஒரு முறை போகிறேன். அந்தச் சந்துப் பக்கம் போவதில்லை. காரணம் ஒன்றும் இல்லை, அங்கே வண்டி நிறுத்த இடம் கிடையாது.

ஆகஸ்ட் 19, சனி

வண்டி நிறுத்த இடம் இருந்தது.

சிகாமணி என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். முன்னாலெல்லாம் முடி சுருட்டையாக இருக்கும். இப்போது முடியே இல்லை. டீ வரவழைத்தான். எலிக் கதையைச் சொன்னேன். என் பெரிய ஸ்கோப் ஆசையையும் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. எத்தனை மீட்டர், எந்த நேரம், எலிக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டான். மூன்றாவதை நான் யோசித்ததே இல்லை. தவறினால் குண்டு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்றான்.

பிறகு எனக்கு என்ன வேண்டும் என்று அவனே சொன்னான். இருபத்தைந்து முப்பது மீட்டருக்கு வேகம் முக்கியமில்லை. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுவதுதான் முக்கியம். நடுவில் மடங்கும் துப்பாக்கி நாளடைவில் தளரும். அதனால் குழல் அசையாமல் அடியில் நெம்புகிற வகை, கொஞ்சம் கனமானது. ஸ்கோப் சின்னது போதும். குண்டு தலை உருண்டையானது. அதிலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டுதான் பிடிக்கும், எது என்று சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைக்குப் பின்னால் நீளமான காலி இடம், கடைசியில் ஒரு மண்மேடு. மேஜையில் முடுக்கியிருந்த வைஸ் என்கிற இரும்புப் பிடியில் அந்த வகைத் துப்பாக்கி ஒன்றைப் பிடிக்க வைத்து, நான்கு வகைக் குண்டை ஐந்தைந்தாகப் போட்டான். மூன்றாவது வகை ஐந்தும் ஒரு ரூபாய்க் காசில் மறைகிற அளவுக்குள் விழுந்தது.

கையால் சுட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். "நான் சுடறதில்லடா. உட்டு நாப்பது வருசமாச்சு. கையில சுட்டா, தப்பு கையிலயா துப்பாக்கியிலயான்னு தெரியாது. வைஸு பொய் சொல்லாது" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பணம் கொடுத்து அந்தத் துப்பாக்கியையே வாங்கிக்கொண்டேன். பிடிக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தான். இறுக்கிப் பிடிக்கக் கூடாதாம். தூங்கும் குழந்தையை ஏந்துகிற மாதிரி கைமேல் சும்மா கிடக்க வேண்டுமாம். எனக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக மன்னிப்பு வேறு கேட்டான். மெடல்காரனுக்கு நான் என்ன சொல்வது என்றான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சிகாமணி சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் தோப்புக்கே வந்துவிட்டான். மோட்டார் ரூம் ஜன்னலிலிருந்து முதல் வரிசை கோகோவுக்கு அடி வைத்து அளந்தான். இருபத்தேழு மீட்டர். எலி ஏறுகிற கிளைகளுக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கச் சொன்னான். அணிலைச் சுடவே கூடாது என்று சுலோச்சனா சொன்னதற்கு, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் தங்கச்சி என்றான்.

துப்பாக்கி பிடிக்கும் முறையைச் சுலோச்சனா முன்னாலும் ஒரு முறை சொல்லிவிட்டு, என்னை ஒரு ஐந்து சுடச் சொன்னான். கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டேன்.

காபி குடிக்கும்போது சுலோச்சனா மெடலைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டாள். நான் அடுப்படிப் பக்கம் போனேன். அங்கேயும் கேட்டது.

"அன்னைக்கு இவன் சுட்டது இருக்குதே தங்கச்சி, அஞ்சும் ஒரு காசுக்குள்ள. நான் பக்கத்துலயே படுத்திருந்தேன். நான் சுட்டது ஒன்னுகூட என்ற குறி அட்டையில இல்ல. ஒரே ஒரு குண்டு தப்பிப்போய் இவன் அட்டையில ஓரமா உழுந்துச்சு. ஹவில்தார் அதுக்கும் சேத்துத் திட்டுனாரு."

அதற்கு முன்னால் பயிற்சியில் எல்லாம் அண்ணன்தான் முதல் என்று இவர் சொல்லியிருக்கிறாரே என்று சுலோச்சனா கேட்டாள். நான் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பயிற்சி வேறு, நிஜம் வேறு என்று அவன் சொன்னான். மிலிட்டரிக்குப் போக எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை அன்று இரவே கிழித்துப் போட்டுவிட்டு மாமாவின் லேத் பட்டறையில் சேர்ந்தானாம். நான் அதே சான்றிதழைக் காட்டி அரசு வேலைக்குப் போனேன். இதை அவன் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன்.

(இங்கே நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன்.)

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பொழுது சாயும் நேரம் ஒன்பது குண்டு. எலி இல்லை. பிளாஸ்டிக் வாளி ஒன்று.

ஆகஸ்ட் 24, வியாழன்

பதினான்கு குண்டு. ஒரு கோகோ காயில் சரியாக நடுவில் பட்டது. அது எலி தொடாத காய். சுலோச்சனா அதையும் பறித்து வந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். விசையை இழுக்கும்போது என் கண் தானாக மூடிக்கொள்கிறது. இது புதிதல்ல. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

துப்பாக்கியைச் சிகாமணியிடம் கொண்டு போனேன். குண்டு இடது பக்கமாக இழுக்கிறது என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை, ஆனால் சரளமாக வந்தது. வைஸில் போட்டுச் சுட்டான். ஐந்தும் காசுக்குள். தலையைச் சொறிந்தான். ஒரு வேளை ஸ்கோப் ஆடுகிறதோ என்று அதைக் கழற்றி வேறு பிடிமானம் போட்டான். காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

மறுபடி போனேன். அவன் துப்பாக்கியை முழுக்கப் பிரித்து மேஜைமேல் பரப்பினான். ஸ்பிரிங், வாஷர், எல்லாம் புதிது. குழலைத் துணி விட்டு ஏழெட்டு முறை துடைத்தான். மறுபடி வைஸ். மறுபடி காசுக்குள்.

அவன் அந்த அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். இவன் இப்போதாவது கேட்டுவிடட்டும் என்று நினைத்தேன். உன் கையில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பான். என்னைக் கேட்கவில்லை. எங்கே தவறு செய்கிறேன் என்று தெரியவில்லையே என்று தன்னைத்தான் கேட்டுக்கொண்டான்.

வரும் வழியில் மளிகை வாங்க மறந்துவிட்டேன். சுலோச்சனா புளி இல்லாமல் குழம்பு வைத்தாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மூன்றாவது முறை நான் போகவில்லை. அவனே போன் செய்தான். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் எலி எங்கே என்று சுலோச்சனா கேட்பாளே. அதனால், இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

அதற்கு அவன் சொன்னான்:

"வைஸு பொய் சொல்லாதுன்னு இத்தன வருசம் நம்பிட்டு இருந்தேன். நீ சொல்றப்ப வைஸுதான் தப்பு. என்ற கைக்குத் துல்லியம் வராதுடா. அன்னைக்கே தெரிஞ்சது, நாந்தான் ஒத்துக்கல."

உடுமலைப்பேட்டையில் ஒருவர் ரொம்ப நாளாகக் கடையின் சாமான்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வைஸ், லேத், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வரும் பதினொன்றாம் தேதி வருகிறாராம். இத்தனை பேர் துப்பாக்கியைத் தப்பாகச் செய்து கொடுத்திருக்கிறோமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றான். என் துப்பாக்கிக்குக் கொடுத்ததை முழுக்கத் திருப்பித் தருகிறேன் என்றான்.

அவசரப்படாதே என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. ஒரே பொய்யால் ஒரே ஆளை இரண்டு முறை கெடுத்திருக்கிறேன். முதல் முறை எனக்கு இருபது வயது என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

சாயந்திரம் நான் மோட்டார் ரூமில் ஆறு குண்டு வீணாக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது ஒரு சத்தம். சுலோச்சனா ஜன்னல் விளிம்பில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்திருந்தாள். விரலால் தவிர வேறு எங்கும் அதைத் தொடாத மாதிரி இருந்தது. கோகோ மரத்தடியில் எலி கிடந்தது.

வாழ்க்கையில் அவள் சுட்ட முதல் குண்டு.

"அந்த அண்ணன் சொன்னாப்பலதான் புடிச்சேனுங்க. துப்பாக்கி நல்லாத்தான் இருக்குது."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதன் பிறகுதான் யோசித்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தாள். மெடல் தொங்கும் கூடத்துப் பக்கம் பார்த்தாள். எலியை மண்வெட்டியில் அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தாள். கை கழுவிவிட்டு வந்து, துப்பாக்கியில் குறை இல்லை என்று அந்த அண்ணனிடம் சொல்லிவிட்டு வாருங்கள், பாவம், மனுஷன் கடையை மூடப் போகிறார் என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 6, புதன்

தேங்காய் வெட்டு. 

செப்டம்பர் 7, வியாழன்

சுலோச்சனா இன்னும் இரண்டு எலி. நான் பேப்பர் படித்தேன்.

செப்டம்பர் 9, சனி

பீரோவில் சான்றிதழ்களுக்கு அடியில் அந்த அட்டை இருக்கிறது. நான் சுட்டதாகச் சொல்லப்பட்ட அட்டை. ஹவில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இத்தனை வருஷத்தில் நான்கு வீடு மாறினோம். ஏன் அதை எறியவில்லை என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி போனேன்.

கடையில் வேறு யாரும் இல்லை. சாமான்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தான். அட்டையை மேஜைமேல் வைத்து, "இது நீ சுட்டது" என்றேன்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஐந்தாம் எண் அட்டை என்னுடையது, நாலாம் எண் அவனுடையது. அன்று காற்றில் எண் சீட்டுகள் பிய்ந்து போயிருந்தன. படுத்துச் சுடுவதற்கு விரித்த தார்ப்பாய் கோணலாக இருந்தது. அதன்மேல் படுத்தவனுக்கு நேர் எதிரே தெரிந்தது பக்கத்து அட்டை. அவனுடைய ஐந்து குண்டும் என் அட்டையின் நடுவில் விழுந்தன. ஓரத்தில் விழுந்த ஒன்றுதான் என்னுடையது. ஹவில்தார் தலைகீழாகக் கணக்குப் போட்டுவிட்டார்.

சிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தான். ஆறு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் வந்தது. வெர்னியர் அளவுகோலை எடுத்து நடுவில் இருந்த ஐந்தையும் அளந்தான். திரும்ப அளந்தான். அளவை மேஜையிலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதினான். சாதாரணமாக ஒரு வேலையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டான்.

பல வருஷம் கழித்து அட்டையை எடுத்துப் பார்த்தபோது சந்தேகம் வந்தது என்று சொன்னேன்.

அவன் தலையாட்டினான். நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா, என் பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டும் என்றான். அவளை அவனுக்குக் கொடுக்கும்போதே, துப்பாக்கி சுடத் தெரியாமல் மிலிட்டரிக்குப் போகப் பார்த்தவன் என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்களாம். அட்டையை அவனே வைத்துக்கொண்டான். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையிலிருந்து எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷம் ஆபீஸில் குறிப்பு எழுதிய கை. எதையும் எவர்மேலும் படாமல் எழுத எனக்குத் தெரியும். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினேன். கிழித்தேன். 'பின்னாளில் தெரியவந்தது' என்று எழுதினேன். கிழித்தேன். மாலை நாலு மணிக்கு எழுதியதை இங்கே அப்படியே படியெடுத்து வைக்கிறேன்.

'சென்னியப்பன் ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. 1981 டிசம்பர் முகாமில் ஐந்தாம் எண் அட்டைக்கு நான் சுட்டேன். எனக்குத் துப்பாக்கிச் சத்தம் என்றால் பயம். கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். நான்கு குண்டு மண்மேட்டில் புழுதி கிளப்பியதைச் சுட்டவுடன் கண் திறந்து பார்த்தேன். ஒன்று அட்டையின் ஓரத்தைக் கிழித்ததையும் பார்த்தேன். ஆகவே அட்டையின் அருகே போனபோதே, நடுவில் இருந்த ஐந்தும் என்னுடையவை அல்ல என்று எனக்குத் தெரியும். நாலாம் எண் அட்டை சுத்தமாக இருந்ததால் அவை தெய்வசிகாமணியுடையவை என்றும் தெரியும். ஹவில்தார் என் முதுகில் தட்டினார். நான் சல்யூட் அடித்தேன்.

திரும்பும் லாரியில் தெய்வசிகாமணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். என் குண்டெல்லாம் எங்கேடா போச்சு, நீ பக்கத்தில்தானே இருந்தாய், பார்த்தாயா என்று கேட்டான். பார்த்தேன், எல்லாம் மண்ணில் போச்சு என்று சொன்னேன். சனிக்கிழமை அவனிடம் சொன்னபோதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும் என்று பொய் சொன்னேன்.'

கையெழுத்துப் போடும் முன் சுலோச்சனாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"முப்பத்தஞ்சு ஆயுத பூசைக்கு நான் அதுக்குப் பொட்டு வெச்சிருக்கறனுங்க" என்றாள்.

போய் மெடலைக் கழற்றினேன். ஆணி வரவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

ஒன்பது மணிக்கெல்லாம் கடைக்குப் போய்விட்டேன். வைஸ் மேஜையில் பழைய இடத்திலேயே இருந்தது. உடுமலைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். கட்டிய சாக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

தாளைக் கொடுத்தேன். மெடலையும் மேஜைமேல் வைத்தேன். அதை அவன் தொடவில்லை. தாளை நின்றபடி படித்தான். லாரி வருகிற வரியில் நின்றுவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. கண் கீழே போகவில்லை. ஏதாவது சொல்வான், அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு துப்பாக்கியையும் குண்டு டப்பாவையும் எடுத்தான். பின்பக்கம் போய் மண்மேட்டில் புது அட்டை ஒன்றைக் குத்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். ஒரு சாக்கை விரித்து, முழங்காலைப் பிடித்தபடி மெல்லக் குப்புறப் படுத்தான். அறுபத்திரண்டு வயது. படுக்கவே நேரம் பிடித்தது.

"பக்கத்துல வந்து நில்லு. குண்டு எங்க போவுதுன்னு பாத்துச் சொல்லு."

நின்றேன். ஐந்து குண்டு சுட்டான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். நான் ஒரு முறைகூட இமைக்கவில்லை. முதல் இரண்டுக்கும் அட்டைக்குக் கீழே புழுதி கிளம்பியது. மற்ற மூன்றும் அட்டையில் பட்டன.

நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து முதல் முறையாகச் சுடுகிறவனிடம் எதைச் சொன்னாலும் தகும்.

"மூணு அட்டையில. ரெண்டு மண்ணுல போச்சு" என்றேன்.

சிகாமணி திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கையூன்றி எழுந்து, மண்மேடு வரை நடந்து போய் அவனே எண்ணிப் பார்த்தான்.